கடன் கோப்புக்கும் மதிப்பெண் வேண்டும்

கல்விக் கடன் வாங்கியவர் தவணை கட்டாமல் 90 நாள் கடந்துவிட்டால் அவருடைய கணக்கு வாராக்கடன் ஆகிவிடுகிறது. சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டிலும் அது ஏறுகிறது. கூடவே கையெழுத்துப் போட்ட அப்பா, அம்மாவின் பெயரும் கெடுகிறது. நாளை தங்கையின் படிப்புக்கென்று வேறொரு வங்கிக்குப் போனாலும் அங்கே முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். கடன் வாங்கியவரை எடைபோட இத்தனை துல்லியமான ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அந்தக் கடனைக் கொடுத்து, வட்டி கணக்கிட்டு, மானியம் கேட்டு எழுதி, நோட்டீஸ் அனுப்பிய கிளை தன் வேலையை ஒழுங்காகச் செய்ததா? அந்தப் பணத்தைக் கட்டணமாக வாங்கிக்கொண்ட கல்லூரி தன் பங்கைச் செய்ததா? இதை மாணவர் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால்தான் தவணை தவறியது யாருடைய பிழை என்ற கேள்வி எழாமலேயே பழி மாணவர் மேல் விழுந்துவிடுகிறது. ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு கல்லூரியும் தங்கள் கல்விக் கடன் கோப்புகளை ஆண்டுக்கு ஒரு முறையாவது தாங்களே சோதித்து, கண்ட குறைகளை வெளியே சொல்ல வேண்டும். மாணவர் வீட்டுக்கு வசூல் நோட்டீஸ் போவதற்கு முன்பு அவருடைய கோப்பு அந்தச் சோதனையைத் தாண்டியிருக்க வேண்டும்.

நிர்வாகத்தின் பிழை எப்படி மாணவரின் பிழையாக மாறுகிறது என்பதற்கு அமெரிக்காவில் 2023இல் நடந்தது ஒரு சான்று. கொரோனா காலத்தில் நிறுத்திவைத்த மாணவர் கடன் வசூல் அந்த ஆண்டு அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அரசுக்காக அந்தக் கடன் கணக்குகளைப் பராமரிக்கும் மொஹீலா என்ற நிறுவனம் சுமார் 25 லட்சம் பேருக்கு பில்லை உரிய நேரத்தில் அனுப்பவில்லை. விளைவாக 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தவணை தவறியவர்கள் ஆனார்கள். எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால் வந்த வினை இது. அமெரிக்கக் கல்வித் துறை அந்த நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையில் 72 லட்சம் டாலரைப் பிடித்து வைத்தது. சிக்கல் தீரும்வரை பாதிக்கப்பட்டவர்களிடம் தவணை கேட்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. யாரோ ஒருவர் கணக்கைத் திறந்து பார்த்ததால்தான் 8 லட்சம் பேரின் தவறு அவர்களுடையதல்ல என்று தெரியவந்தது.

நம் ஊரில் இதே கதை சத்தமில்லாமல், கோப்புக்கு ஒன்றாக நடக்கிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் ரூபாய் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதுவரை தனி வட்டிதான் போட வேண்டும். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 50,000, இரண்டாவதுக்கு 40,000, மூன்றாவதுக்கு 30,000, நான்காவதுக்கு 20,000. மொத்தம் 1,40,000 ரூபாய். இதையே ஆண்டுதோறும் கூட்டு வட்டியாகப் போட்டால் 1,61,561 ஆகிறது. கணினியில் ஒரு கட்டம் தவறாகக் குறிக்கப்பட்டால் மாணவர் தலையில் ஏறும் சுமை 21,561 ரூபாய். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புக்கு வாங்கும் கடனுக்கு, இந்தத் தவணை விலக்குக் காலத்து வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆனால் அந்த மானியத்தை மாணவர் நேரே போய் வாங்க முடியாது. கடன் கொடுத்த வங்கிதான், இத்திட்டத்தின் பொறுப்பு வங்கியான கனரா வங்கி வழியாக, குறித்த காலத்துக்குள் கேட்டுப் பெற வேண்டும். வருமானச் சான்றிதழ் கோப்பில் சேராமல் போனாலோ, கேட்பைப் பதிவேற்ற வேண்டியவர் மாற்றலாகிப் போனாலோ, 1,40,000 ரூபாயும் அசலோடு சேர்கிறது. பத்தாண்டுத் தவணை என்றால், 5,286 ரூபாய் கட்ட வேண்டியவர் மாதம் 7,136 ரூபாய் கட்டுவார். முதல் வேலையில் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கும் பிள்ளைக்கு, தவணையைக் கட்ட முடிவதும் முடியாமல் போவதும் இந்த 1,850 ரூபாயில்தான் இருக்கிறது.

இப்படி ஒரு கணக்கு வாராக்கடனாகும்போது அதை ‘மாணவர் கட்டவில்லை’ என்று எழுதுவது அரை உண்மை. தமிழ்நாடு கல்விக் கடன் வாங்குவதில் நெடுங்காலமாக முன்வரிசையில் நிற்கும் மாநிலம். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஏராளமானோர் இந்தக் கடனில் படித்தவர்கள். வாராக்கடன் ஆன கல்விக் கடன்களைத் தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்ற விவகாரம் 2016இல் இங்கே பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. அப்படி விற்கும்போது பிழையான வட்டியும் விடுபட்ட மானியமும் கோப்போடு சேர்ந்தே கைமாறுகின்றன. வாங்கிய நிறுவனத்துக்கு அந்தப் பழைய வரலாறு தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவசியமில்லை. அதனால் கோப்பைச் சோதிக்க வேண்டிய இடம் கடன் கொடுத்த கிளைதான். வசூல் தொடங்குவதற்கு முன்பே அது நடக்க வேண்டும்.

கோப்பின் முதல் தாள் விண்ணப்பம். பிழையும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. விண்ணப்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “எங்கள் ஏரியா இல்லை, வீட்டுப் பக்கத்துக் கிளைக்குப் போங்கள்” என்று திருப்பி அனுப்புவது இன்றும் பல ஊர்களில் கேட்கும் பேச்சு. குடியிருப்பு தங்கள் சேவைப் பகுதிக்குள் இல்லை என்ற காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது. நான்கு லட்சம் வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. 2015இல் வந்த கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ் கொடுக்கப்படும் ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. கடன் திரும்ப வராமல் போனால் 75 சதவீதத்தை அந்த நிதியே ஏற்கிறது. விண்ணப்பத்தை நிராகரிப்பதென்றால் மேலதிகாரியின் ஒப்புதலோடு, காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது மாதிரித் திட்டம். குறைந்த சிபில் மதிப்பெண்ணை மட்டும் காட்டி மாணவரின் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. வாய்மொழியாகத் திருப்பி அனுப்பிவிட்டால் இந்த விதிகள் எதுவும் மீறப்பட்டதாகப் பதிவாகாது. அப்படி நிராகரிக்கப்பட்டவரின் பெயர் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. ஒரு கிளை தன்னைத் தானே நேர்மையாகச் சோதிக்கிறதா என்பதை நான் முதலில் இங்கேதான் பார்ப்பேன்: வந்த விண்ணப்பம் எத்தனை, ஒப்புகை கொடுத்தது எத்தனை, எழுத்தில் மறுத்தது எத்தனை.

கல்லூரிகளின் பங்கு பேசப்படுவதே இல்லை. ‘கடன் மாணவருக்கும் வங்கிக்கும் நடுவில் உள்ள விஷயம், நமக்கென்ன’ என்பது நிர்வாகங்களின் வழக்கமான பதில். ஆனால் பணம் நேராக வந்து சேர்வது கல்லூரிக் கணக்கில். படிப்புச் சான்றும் கட்டண விவரமும் கல்லூரி கொடுத்தால்தான் முதல் தவணைப் பணமே வரும். மார்க் ஷீட் தாமதமானால் அடுத்த ஆண்டுப் பணம் நிற்கும். மாணவர் பாதியில் படிப்பை விட்டால், அவர் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரவேண்டும் என்பதற்கு 2018ஆம் ஆண்டின் யுஜிசி அறிவிப்பு கணக்கு சொல்கிறது: சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் விலகினால் 80 சதவீதம், அதைத் தாண்டி 30 நாளுக்குள் என்றால் 50 சதவீதம். கடன் பணத்தில் கட்டிய கட்டணம் இப்படித் திரும்ப வந்தால் அது கடன் கணக்கில்தான் வரவாக வேண்டும். வராமல் போனால், படிக்காத படிப்புக்கு அந்தக் குடும்பம் பல ஆண்டு வட்டி கட்டும். வங்கிப் பணம் வரத் தாமதமானது என்று சொல்லி அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதையும் அதே அறிவிப்பு தடுக்கிறது. நாக் அமைப்பின் தர மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் சுய ஆய்வு அறிக்கை எழுதுகிறது, அதற்கென்றே உள் தர உறுதிப் பிரிவும் வைத்திருக்கிறது. அந்தப் பிரிவின் கூட்டத்தில் கல்விக் கடன் கோப்பையும் மேசையில் வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அமெரிக்காவில் இதை நெடுநாளாகச் செய்துவருகிறார்கள். கூட்டாட்சி அரசின் கடனைத் தன் மாணவர்களுக்கு வழங்கும் கல்லூரிக்கென்று சுய மதிப்பீட்டுக் கேள்வித் தொகுப்பு இருக்கிறது. தகுதி சரிபார்த்தாயா, பணம் உரிய நாளில் போனதா, இடையில் விலகியவரின் தொகையைத் திருப்பினாயா என்று அது கேட்கிறது. விலகியவருக்கான பணத்தைக் கல்லூரி 45 நாளுக்குள் திருப்ப வேண்டும். படிப்பு முடித்துப் போகிறவருக்குக் கடன் ஆலோசனை கட்டாயம். ஒரு கல்லூரியின் மாணவர்களில் கடன் கட்டாமல் போனவர்களின் விகிதம் தொடர்ந்து மூன்று ஆண்டு 30 சதவீதத்தைத் தொட்டாலோ, ஒரே ஆண்டில் 40 சதவீதத்தைத் தாண்டினாலோ, அந்தக் கல்லூரி அரசுக் கடன் திட்டத்தில் இடம் இழக்க நேரிடும். அமெரிக்க முறையில் குறைகள் ஏராளம். அங்கே கடன் சுமை நம்மைவிடப் பன்மடங்கு கொடியது. ஆனாலும் கடன் நிலுவைக்குக் கல்லூரியும் பதில் சொல்ல வேண்டும் என்ற கொள்கை அங்கே சட்டத்தில் இருக்கிறது.

இதற்கு எழும் மறுப்புகளில் ஒன்று வலுவானது. தன் விடைத்தாளைத் தானே திருத்துகிறவன் எல்லாவற்றுக்கும் நூறு போட்டுக்கொள்வான், சுய மதிப்பீடு கண்துடைப்பாகத்தான் முடியும் என்பது அது. உண்மைதான், ‘ஆம், இல்லை’ என்று டிக் அடிக்கும் படிவமாக இருந்தால் அப்படித்தான் ஆகும். அதனால் கருத்தைக் கேட்கக் கூடாது. எண்ணையும் தேதியையும் கேட்க வேண்டும். தகுதியுள்ள கணக்குகளில் எத்தனைக்கு வட்டி மானியம் கேட்கப்பட்டது, விண்ணப்பம் வந்த நாளுக்கும் முடிவெடுத்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு என்று எழுதச் சொன்னால் பூசி மெழுக இடம் குறைவு. நூற்றுக்குப் பத்துக் கோப்பை வேறொரு கிளையின் அதிகாரி எடுத்துப் பார்க்கட்டும். கணக்கு அறிக்கையை மாணவருக்கே அனுப்பி, சரிதானா என்று கேட்கட்டும். அவரைவிட அக்கறையுள்ள தணிக்கையாளர் கிடைக்க மாட்டார். ஆள் பற்றாக்குறையில் திணறும் கிளைகளுக்கு இது இன்னொரு சுமை என்பார்கள். ஆனால் உத்தரவாத நிதியிடம் 75 சதவீதத்தைக் கேட்கப் போகும் வங்கிக்கு ஒழுங்கான கோப்புதான் ஆதாரம். வேலையே கிடைக்காததால்தான் பலர் கட்டவில்லை, இதில் கோப்பு என்ன செய்யும் என்றும் கேட்கலாம். கோப்பு வேலை வாங்கித் தராது. ஆனால் கட்ட முடியாதவர் யார், கட்ட மனமில்லாதவர் யார், தப்பான கணக்கில் சிக்கியவர் யார் என்று பிரித்துக் காட்டும். இந்த மூவரையும் ஒரே கும்பலாகத் துரத்துவதுதான் இப்போது நடக்கிறது.

நிறுவனங்கள் தங்களைச் சோதித்துக்கொள்ளும் நாள்வரை மாணவர் காத்திருக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல் கடன் கொடுக்குமுன் முக்கிய விவரத் தாள் ஒன்றை வங்கி தர வேண்டும். வட்டியும் எல்லாக் கட்டணங்களும் அதில் இருக்கும். வெளிநாட்டுப் படிப்புக்கு நிதி நிறுவனங்களிடம் கடன் வாங்குவோர் அதைப் படிக்காமல் கையெழுத்திடவே கூடாது. படிக்கும்போதே வட்டி கட்ட வேண்டுமா என்பதை அதில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கடன் கணக்கின் ஸ்டேட்மெண்டைக் கேட்டு வாங்கி, வட்டி தனி வட்டியா, மானியம் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள். தாமதத்துக்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. வசூலுக்கு வருகிறவர் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. கடன் தகவல் அறிக்கையை ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஆண்டுக்கு ஒன்று இலவசமாகப் பெறலாம். அதில் உள்ள பிழையைப் புகார் செய்து 30 நாளுக்குள் திருத்தாவிட்டால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்க உரிமை உண்டு. வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதிலில் நியாயம் இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கல்லூரி மேல் குறை என்றால் மாணவர் குறைதீர்ப்புக் குழுவும், அதற்கு மேல் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பல்கலைக்கழகக் குறைதீர்ப்பாளரும் உண்டு. இவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது தேதி போட்ட ஒரு காகிதத்தை. விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே கிளையின் முத்திரையோடு ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அது கைக்கு வராமல் வங்கிப் படியை விட்டு இறங்காதீர்கள்.