அவரை என்று வந்த விதை: அவரையா, வேறு கொடியா?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஆடிப் பட்டத்தில் வீட்டுத் தோட்டம் போடுவோர் பலர், விதைத் திருவிழாக்களிலும் உறவினர் வாயிலாகவும் நாட்டு விதைகளை மாற்றிக்கொள்கின்றனர். இது வரவேற்கத்தக்க பழக்கமே. ஆனால் பொட்டலத்தில் எழுதிய பெயர் ஒன்று, முளைத்த செடி வேறொன்று என்ற குழப்பம் அடிக்கடி ஏற்படுகிறது. பெயரை மட்டும் நம்பி இனம் தெரியாத காயைச் சமைப்பது ஆபத்து. நல்ல காய்கறிக் கொடியைக் களை என்று பிடுங்கி எறிவது நஷ்டம்.

இதற்கு மூக்குத்தி அவரை தகுந்த உதாரணம். பெயரில் அவரை இருந்தாலும் இது பயறு வகையன்று. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. தாவரவியலில் ‘ஐப்போமியா மூரிகேட்டா’ எனப்படும். கேரளத்தில் ‘நித்ய வழுதன’ என்பர். ஆனால் இது கத்தரியினமும் அன்று.

இனங்காணும் முறை

விதைக்கும் முன்பே விதையைக் கவனிக்க வேண்டும். அவரை விதையின் ஓரத்தில் தடித்த வெள்ளைக் கோடு இருக்கும். மூக்குத்தி அவரை விதை கருமையாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். வெள்ளைக் கோடு இராது.

நாற்றில் வித்திலைகளைப் பார்க்கவும். மூக்குத்தி அவரையின் வித்திலை நடுவில் ஆழமாகப் பிளந்து இரு கிளையாக நிற்கும். அடுத்து வரும் இலையை வைத்து அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. அவரையிலும் முதல் ஜோடி இலைகள் தனியிலைகளே. அதன் பின்னரே மூன்று சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை தோன்றும். மூக்குத்தி அவரையில் கடைசி வரை இதய வடிவத் தனியிலைதான். தண்டைக் கிள்ளினால் பால் வடியும்.

பூவே முடிவான அடையாளம். அவரைப் பூ வண்ணத்துப்பூச்சி போன்றது. மூக்குத்தி அவரைப் பூ வெளிறிய ஊதா நிறத்தில், புனல் வடிவில், மாலையில் விரிந்து காலையில் வாடிவிடும். மிகப் பெரிய வெண்ணிறப் பூவானால் அது அலங்காரத்திற்கு வளர்க்கும் நிலாப்பூக் கொடி. மூக்குத்தி அவரையில் பூ உதிர்ந்தபின் காம்பு சதைப்பற்றுடன் பருத்து மூக்குத்தி போலாகும். இதையே இளம் பிஞ்சுடன் பறித்துப் பொரியல் செய்கின்றனர். முற்றவிடக் கூடாது. முற்றிய விதை பேதியை உண்டாக்கும். அதை உண்ணக் கூடாது.

ஆட்டுக்குப் போடலாமா?

இனம் தெரியாத கொடியைப் பிடுங்கி ஆட்டுக்குப் போடக் கூடாது. இதே இனத்தைச் சேர்ந்த நெய்வேலிக் காட்டாமணக்கைத் தொடர்ந்து தின்னும் ஆடுகள் நரம்புத் தளர்ச்சியுற்று, நடை தள்ளாடி, மெலிந்து மடிகின்றன. மேச்சேரி செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் வளர்ப்போர் இதை மறக்கலாகாது.

சந்தேகம் தீராவிட்டால்

இலை, பூ, காய் மூன்றும் உள்ள கிளையை வெட்டிச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, மேலே கனம் ஏற்றி, தினமும் தாள் மாற்றி உலர்த்த வேண்டும். பூவின் நிறம் மாறிவிடுமாதலால் அதை அன்றே குறித்து வைக்கவும். ஊர், தேதி, விதை வந்த இடம் ஆகியவற்றையும் எழுதவும். சந்தியூர் அல்லது நாமக்கல் வேளாண்மை அறிவியல் நிலையத்தை முதலில் அணுகலாம். கோவையில் 1955-ல் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்திலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் உலர்தாவரக் கூடத்திலும் ஒப்பிட்டுப் பார்க்க உலர்மாதிரிகள் உள்ளன. கே.எம். மாத்யூ அடிகளார் 1980-களில் வெளியிட்ட தாவரத் தொகுதியில் சேலம் வட்டாரச் செடிகளும் அடங்கும்.

வெளிநாட்டு விதை வேறு விஷயம். 2020-ல் அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் கேளாத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்தன. இந்திய அரசும் அவ்வாண்டு ஆகஸ்டில் மாநிலங்களை எச்சரித்தது. அத்தகைய விதையை விதைக்காமலும் குப்பையில் வீசாமலும் வேளாண்மை அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

விதை கொடுப்போருக்கும் பொறுப்பு உண்டு. பெயர், ஊர், அறுவடை செய்த மாதம், பூவின் நிறம், உண்ணும் பகுதி ஆகிய ஐந்தையும் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். தம் தோட்டத்தில் பூத்துக் காய்த்ததைக் கண்ணால் கண்ட விதையை மட்டுமே பிறருக்குக் கொடுப்பது நல்லது.