வலி ஊசிக்கு முகூர்த்தம் கிடையாது

பிபி இல்லை, சர்க்கரை இல்லை, குழந்தை நன்றாகத் துடிக்கிறது. ஆனாலும் டியூ டேட் நெருங்கியதும் தலைப்பிரசவக்காரியைச் சுற்றி ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது: “எதுக்குக் காத்திருக்கணும்? அட்மிட் பண்ணி வலி வர வெச்சுடலாமே!” கணவனின் லீவு, டாக்டரின் வெளியூர்ப் பயணம் என்று காரணங்கள் வரும். பல வீடுகளில் நிஜக் காரணம் நட்சத்திரம்தான்.

என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். ஜெல்லோ மாத்திரையோ வைக்கும் நேரம் நம் கையில். குழந்தை வரும் நேரம் கையில் இல்லை. கர்ப்பப்பை வாய் இளகாமல் இறுக்கமாக இருந்தால், முதல் பிரசவத்துக்கு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். அதற்குள் ரோகிணி போய்விடும். வராந்தாவில் “இன்னும் ஆகலையா?” என்று கேட்கத் தொடங்குவார்கள். டிரிப்ஸ் ஏறிச் சோர்ந்து கிடக்கும் பெண் எதற்கும், சிசேரியனுக்கும்கூட, தலையாட்டுவாள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8. இதில் நல்ல நேரத்துக்காக நடந்தவை எத்தனை என்று எந்தக் கணக்கும் பிரித்துச் சொல்வதில்லை.

39 வாரத்தில் வலி வரவைப்பது நல்லதே என்பவர்கள், 2018-இல் அமெரிக்காவில் வெளியான ‘அரைவ்’ ஆய்வைக் காட்டுவார்கள். சிக்கலில்லாத ஆறாயிரத்துக்கும் அதிகமான தலைப்பிரசவப் பெண்களில், வலி வரவைத்தவர்களுக்கு சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2. உண்மைதான். ஆனால் அங்கே ஸ்கேனால் வாரக் கணக்கு உறுதியானவர்களை மட்டுமே சேர்த்தார்கள். பனிக்குடம் உடைந்து டிரிப்ஸ் ஏறிய பிறகும் 12 மணி நேரமாவது பொறுக்கச் சொன்னார்கள். அந்தப் பொறுமை நம் வராந்தாக்களில் உண்டா?

வாரக் கணக்கிலேயே வம்பு தொடங்குகிறது. டியூ டேட் என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர்களுக்கு இது வாரக்கணக்கில் பிசகும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேனே நம்பகமானது. அது இல்லாமல் தேதி குறித்தால், 39 என்று நினைத்த குழந்தை 37-இல் வெளியே வந்து மூச்சுக்குத் திணறலாம்.

பிபி, சர்க்கரை, பனிநீர்க் குறைவு போன்ற காரணங்களுக்காக டாக்டர் தேதி சொன்னால் தயங்கக் கூடாது. அப்படி எதுவும் இல்லாதவர்களுக்கு 41 வாரத்துக்கு முன் வலி வரவைக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அதுவரை செக்கப்பைத் தவறவிடாதீர்கள். துடிப்பு குறைந்ததாகத் தோன்றினால் அன்றே, அது நள்ளிரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேதி குறிக்கத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். வாரக் கணக்கு எந்த ஸ்கேனை வைத்து? கர்ப்பப்பை வாய் இளகியிருக்கிறதா? வலி எடுக்கத் தாமதமானால் எவ்வளவு நேரம் பொறுப்பீர்கள்? நட்சத்திரம் தவறுகிறதே என்று பதறும் பெரியவர்களிடம் கணவனோ அம்மாவோ முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வலியில் கிடப்பவளால் அந்த வாக்குவாதத்தை நடத்த முடியாது.