எந்திரத்துக்குள் ஒரு முகம்: சித்தன்னவாசல் கண்ணோடு ஒரு ஜப்பானியத் தொடர்

கையால் வரைந்த மனிதர்கள்... கம்ப்யூட்டரில் உருவான போர் எந்திரங்கள்... '86' என்ற அறிவியல் புனைவு அனிமே இரண்டையும் சேர்த்த விதம் சரிதானா?

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சித்தன்னவாசல். அங்கே குன்றைக் குடைந்து அமைத்த சமணக் கோயிலான அறிவர் கோயிலுக்குள் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது விதானத்துத் தாமரைக் குளத்தைத்தான். பூவும் இலையும் அடர்ந்த குளம். அதற்குள் மீன்கள், அன்னங்கள், எருமை, யானை. நடுவே பூப்பறிக்கும் ஆட்கள்.

குளத்தைப் பார்த்துவிட்டுச் சுவரில் இருக்கும் சிற்பங்களைப் பார்த்தால், ஓவியம் வேறு, சிற்பம் வேறு என்றுதான் இன்று தோன்றும். ஆதியில் அப்படி இல்லை. சிற்பங்கள் உட்பட உட்புறம் முழுவதும் சுண்ணாம்புச் சாந்து பூசி வண்ணம் தீட்டியிருந்தார்கள். உளி செதுக்கியதும் தூரிகை வரைந்ததும் ஒரே பூச்சின் கீழ் ஒரே உலகமாகத் தெரிந்தன. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததை இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது.

வாசலில் கதை வேறு. முன்னால் நிற்கும் தூண் வரிசை, புதுக்கோட்டை சமஸ்தான காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியது. வெயிலையும் மழையையும் தடுக்கிறது, நல்லதுதான். ஆனால் பிறகு சேர்த்தது என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்.

இரண்டு வேறு வேலைப்பாடுகள் ஒன்று சேரும்போது இந்த இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஒரே உலகமாகும், அல்லது ஒட்டுப்போட்டதாகத் தெரியும். கையால் வரைந்த படத்தோடு கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸைக் கலக்கும் ஜப்பானிய அனிமேக்களையும் இதே கேள்வியோடு பார்க்கலாம்.

கலப்பு எதற்கு?

அனிமே இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளின் செல்போனோடு நிற்கவில்லை. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படம் தமிழ் பேசியபடியே தியேட்டருக்கு வந்தது. அதில் மனிதர்கள் கையால் வரைந்தவர்கள். முடிவில்லாமல் சுழன்று விரியும் கோட்டை கம்ப்யூட்டரில் கட்டியது.

இந்தக் கலப்பு புதிதல்ல. 1983இல் வந்த 'கோல்கோ 13' படத்திலேயே கம்ப்யூட்டர் ஹெலிகாப்டர்கள் பறந்தன. 1998இல் தொடங்கிய 'ப்ளூ சப்மரீன் நம்பர் 6' தொடரில் நீர்மூழ்கிக் கப்பல்கள் கம்ப்யூட்டரில் உருவாயின. அவற்றை ஓட்டியவர்களைக் கையால் வரைந்தார்கள்.

காரணம் எளிது. நூறு இரும்புத் தகடுகளும் பல கால்களும் கொண்ட எந்திரம் ஓடுகிறது என்றால், ஒவ்வொரு படத்திலும் அத்தனை கோடுகளையும் பிசகாமல் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். கம்ப்யூட்டரில் ஒருமுறை செய்து வைத்துவிட்டால் எந்தக் கோணத்திலும் திருப்பலாம்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் அனிமேயில் பெரும்பாலும் 12 அல்லது 8 ஓவியங்கள்தான் வரைவார்கள். ஒரே ஓவியம் இரண்டு, மூன்று படங்களுக்கு நிற்கும். அந்த லேசான வெட்டு வெட்டான அசைவுதான் அனிமேயின் நடை. கம்ப்யூட்டர் உருவமோ 24 படங்களிலும் அசைந்து எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு போகும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண் உறுத்தும். அதனால்தான் பல ஸ்டுடியோக்கள் கம்ப்யூட்டர் உருவத்தின் அசைவையும் வேண்டுமென்றே குறைக்கின்றன. நிழலை இரண்டே நிறமாக்கி, ஓரத்தில் கோடு போட்டு, வரைந்தது போலக் காட்டுகின்றன. சித்தன்னவாசலின் சுண்ணாம்புப் பூச்சு செய்த வேலையை இங்கே இவை செய்கின்றன.

'86' சொல்லும் கதை

அசாதோ அசாதோ எழுதிய நாவல் வரிசையைத் தழுவி ஏ-1 பிக்சர்ஸ் தயாரித்த தொடர் '86'. 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை 23 அத்தியாயங்கள். இயக்கியவர் தோஷிமாசா இஷி. தொடர் இயக்குநராக இதுவே அவருக்கு முதல் படைப்பு. எந்திரங்களை உருவாக்கியது ஷிரோகுமி நிறுவனம். 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' படத்துக்காக 2024இல் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் வென்றது இந்த நிறுவனத்தின் குழுதான்.

சான் மக்னோலியா என்றொரு குடியரசு. பக்கத்துப் பேரரசு ஏவிவிட்ட 'லீஜியன்' என்ற தானியங்கி எந்திரங்களோடு போர் நடக்கிறது. குடியரசும் தன் பங்குக்கு 'ஜக்கர்நாட்' எந்திரங்களை அனுப்புகிறது. பூரி ஜெகந்நாதர் தேரிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. ஆளில்லா எந்திரங்கள் என்று அரசு சொல்கிறது. இன்றும் உயிர்ச்சேதம் இல்லை என்று தொலைக்காட்சிச் செய்தி தினமும் அறிவிக்கிறது.

உண்மையில் ஒவ்வொரு எந்திரத்துக்குள்ளும் ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ உட்கார்ந்திருக்கிறார்கள். குடியரசின் 85 மாவட்டங்களுக்கும் வெளியே, '86' என்று ஒதுக்கப்பட்டவர்கள். அரசுக் கணக்கில் அவர்கள் மனிதர்களே அல்ல. அதனால் அவர்கள் செத்தாலும் கணக்கில் வராது.

தலைநகரில் இருந்தபடி அவர்களை வழிநடத்தும் இளம் அதிகாரி லேனா. போர்க்களத்தில் அணித்தலைவன் ஷின். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான்.

ஒட்டு தெரிவது நல்லதா?

'86' தொடரில் கம்ப்யூட்டருக்கும் கைக்கும் நடுவில் இருக்கும் ஒட்டு மறையவில்லை. ஜக்கர்நாட் ஓடும்போது அது கம்ப்யூட்டர் உருவம் என்று தெரிகிறது. உலோகத்தின் பளபளப்பும் நாலு காலின் துள்ளலும் வேறு உலகத்தைச் சேர்ந்தவை. ஆனால் அடுத்த காட்சியில் கேமரா எந்திரத்தின் வயிற்றுக்குள் போகிறது. அங்கே வியர்த்துப்போன, கையால் வரைந்த ஒரு முகம்.

உள்ளே ஆளே இல்லை என்று அரசு சொல்லும் பொய்யைத் தொடர் இந்த இடத்தில்தான் உடைக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எந்திரம். உள்ளே போனால் மனிதன். வசனம் எதுவும் தேவைப்படவில்லை. படம் வரைந்த முறையே சொல்லிவிடுகிறது. செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்த வந்த ஒரு தொழில்முறை, இந்தக் கதையில் கதையாகவே மாறிவிட்டது.

கை என்றால் பாசம், கம்ப்யூட்டர் என்றால் கொடூரம் என்று தொடர் சுலபமாகப் பிரித்துவிடவும் இல்லை. ஷின்னின் பின்னாலேயே ஓடி உதிரி பாகங்களைப் பொறுக்கும் 'ஃபைடோ' என்ற எந்திரமும் கம்ப்யூட்டர் உருவம்தான். அதன் நினைவுப் பதிவுகள் வழியாக அணியின் பழைய நாள்களைக் காட்டும் பத்தாவது அத்தியாயம், மொத்தத் தொடரிலும் நெஞ்சைக் கனக்கச் செய்யும் ஒன்று. தலைநகரில் கையால் அழகாக வரைந்த சீமான்களிடம் இல்லாத ஈரம் அந்த இரும்புப் பெட்டியிடம் இருக்கிறது.

நம் ஊரில் 2014இல் வந்த 'கோச்சடையான்' நினைவுக்கு வரலாம். அதில் நடிகர்களின் அசைவுகளைப் பதிவு செய்து உருவங்களுக்குக் கொடுத்தார்கள். முயற்சியைப் பாராட்டியவர்களே கண்களில் உயிர் போதவில்லை என்றும் சொன்னார்கள். முகத்தைக் கைக்கும் எந்திரத்தைக் கம்ப்யூட்டருக்கும் விட்ட '86', அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிடுகிறது.

பெயர் கேட்காத பாவம்

லேனா நல்லவள். தன் அணியிடம் கனிவாகப் பேசுகிறாள். ஆனால் அணியில் ஒருத்தி இறந்த பிறகு தியோ என்பவன் வெடிக்கிறான்: எங்கள் பெயரை ஒருமுறையாவது கேட்டாயா என்று. அதுவரை அவள் அழைத்ததெல்லாம் போர்க்களப் புனைபெயர்கள். அடுத்த அத்தியாயத்தில் அவள் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்கிறாள்.

'86' மக்களுக்குக் கல்லறை கட்ட அனுமதி இல்லை. அதனால் ஷின் இறந்தவர்களின் எந்திரத்திலிருந்து ஒரு துண்டுத் தகட்டை எடுத்து, அதில் பெயரைச் செதுக்கித் தன்னோடு வைத்துக்கொள்கிறான்.

சித்தன்னவாசல் குன்றின் மேலே ஏழடிப்பட்டம் குகையில் 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. வேறு சிலவற்றில் பிற்காலத் தமிழ் எழுத்தில் அங்கே தவம் இருந்த துறவிகளின் பெயர்கள். எல்லாவற்றையும் துறந்தவர்களின் பெயரையும் யாரோ கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் குகையைப் பார்த்தவர்களுக்கு ஷின்னின் தகடுகள் அந்நியமாக இருக்காது. ஊருக்கு வெளியே ஆட்களை ஒதுக்கி வைத்த வரலாறு தெரிந்த நமக்கு '86' என்ற எண்ணும் புதிதாக இருக்காது.

சறுக்கிய இடங்கள்

குறை இல்லாமல் இல்லை. பின்பாதியில் பெரும் போர்கள் வரும்போது திரை முழுக்க எந்திரங்கள் நிறைகின்றன. முகங்கள் குறையக் குறைய வீடியோ கேம் பார்க்கும் அலுப்பு வருகிறது. மேலே சொன்ன வெற்றிக்கு இதுவே மறுபக்கச் சாட்சி: உள்ளே இருக்கும் முகத்தை மறந்துவிட்டால் எந்திரம் வெறும் எந்திரம்தான்.

குடியரசின் மனிதர்களில் பெரும்பாலானோர் ஒரே அச்சில் வார்த்த கெட்டவர்கள். இப்படியொரு அநியாயத்தை நல்லவர்களும் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை இன்னும் ஆழமாகக் காட்டியிருக்கலாம். லேனாவின் சீருடையும் சில கேமரா கோணங்களும் கதையின் கண்ணியத்துக்குப் பொருந்தவில்லை. கடைசி இரண்டு அத்தியாயங்கள் தாமதமாகி 2022 மார்ச்சில்தான் வந்தன. ஆனால் காத்திருந்ததற்குப் பலன் கிடைத்தது. கடைசி அத்தியாயத்தில் அவசரம் தெரியவில்லை.

யார் பார்க்கலாம்?

கார்ட்டூன்தானே என்று சின்னக் குழந்தைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். இளவயது மரணங்கள், ரத்தம், இழிசொற்கள் எல்லாம் உண்டு. பத்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகளோடு பெரியவர்களும் உட்கார்ந்து பார்ப்பது நல்லது. முதல் மூன்று அத்தியாயங்களில் புரியாத பெயர்கள் நிறைய வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் கதை பிடித்துவிடும்.

பார்க்கும்போது ஒரு சின்னப் பயிற்சி. எந்திரம் திரையில் வரும் ஒவ்வொரு முறையும், அதற்கு முன்னும் பின்னும் யாருடைய முகம் வருகிறது என்று கவனியுங்கள். முகம் வந்த சண்டையில் மனசு பதறும். வராத சண்டையில் கண் மட்டும்தான் வேலை செய்யும். கம்ப்யூட்டரும் கையும் கலந்த எந்த அனிமேயையும் எடைபோட அந்த ஒரு கணக்கு போதும். அந்தக் கணக்கில் '86', பெரும்பாலான இடங்களில் ஜெயித்த தொடர்.