கொற்கைக் காசு வாங்கப் போகிறீர்களா?

தூத்துக்குடி வட்டாரத்தில் பழங்காசு விற்பவருக்குக் கதைப் பஞ்சமே கிடையாது. "கொற்கையில கிணறு வெட்டும்போது கிடைச்சது", "ரோமாபுரிக்காரன் முத்துக்குக் கொடுத்த காசு", "சங்கு குளிக்கப் போனவன் கையில அகப்பட்டது" என்று அடுக்கிக்கொண்டே போவார். சிக்கல் என்னவென்றால், இவை எல்லாமே நடந்திருக்கக் கூடியவைதான்.

கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் சிற்றூர். ஒரு காலத்தில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த பாண்டியர் துறைமுகம் அது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கடற்பயண நூல், இங்கே முத்துக்குளிப்பு நடந்ததைக் குறிப்பிடுகிறது. பிஷப் கால்டுவெல் 1870களில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்தார். தமிழகத் தொல்லியல் துறை 1968-69இல் கொற்கையில் அகழாய்வு நடத்தியது. காயல் துறைமுகத்தைப் பற்றி மார்கோ போலோ எழுதியிருக்கிறார். பிறகு போர்த்துகீசியர் வந்தனர். 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இத்தனை வணிகம் நடந்த கரையில் காசு சிந்தாமல் இருந்திருக்காது.

கதை நம்பும்படியாக இருப்பதால்தான் புதிதாகச் சேர்ப்பவர் எளிதில் ஏமாறுகிறார். ஆகவே கதையை ஒதுக்கிவிட்டுக் காசை மட்டும் பார்க்கப் பழக வேண்டும்.

எந்தக் காசில் தொடங்குவது?

பலருக்கும் முதல் ஆசை சங்ககாலப் பாண்டியர் காசு. சதுரமான சிறு செப்புக்காசு. முன்பக்கம் யானை, அதன் மேலே சில மங்கலச் சின்னங்கள். பின்பக்கம் கோடுகளால் வரைந்த மீன். இவற்றில் புகழ்பெற்றது 'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த காசு. குதிரை உருவமும் தொட்டிக்குள் ஆமைகளும் அதில் உண்டு. இதை வாசித்து உலகுக்குச் சொன்னவர் 'தினமலர்' ஆசிரியராக இருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்ககாலத் தமிழ்க் காசுகள் பற்றி அவர் 1997இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் இன்றும் சேர்ப்பவர்களின் கைநூல். ஆனால் முதல் காசாக இதை வாங்க வேண்டாம். விலை அதிகம், போலியும் அதிகம். தேய்ந்த அசலையும் தேய்த்த போலியையும் பிரித்தறியப் பழகிய கண் வேண்டும்.

இரண்டாவது ஆசை ரோமானியக் காசு. தமிழகத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்களின் காசுகளே மிகுதி. கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த ரோமானியச் செப்புக்காசுகள் கரூரிலும் மதுரையிலும் ஆற்றுமணலில் கிடைத்தன. ராமநாதபுரம் கடற்கரையில் அழகன்குளத்து அகழாய்விலும் கிடைத்தன. அவை சுண்டுவிரல் நகமளவே இருக்கும், முகம் தேய்ந்திருக்கும், பார்க்க அழகாக இருக்காது. பளபளவென்று பேரரசர் தலையோடு ஒரு பெரிய ரோமானியக் காசைக் காட்டி "இது நம்ம கரையில கிடைச்சது" என்றால், சந்தேகத்தை அங்கேயே தொடங்குங்கள்.

தொடக்கக்காரருக்கு ஏற்றவை மூன்று வகை.

முதலாவது, ராஜராஜ சோழன் பெயரிலான செப்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. எடை ஏறக்குறைய நான்கு கிராம். ஏராளமாகக் கிடைப்பதால் விலை குறைவு. பொலன்னறுவை அரசர்களும் இதே அமைப்பில் தங்கள் பெயரைப் பொறித்துக் காசு அடித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல பாடம்.

இரண்டாவது, பிற்காலப் பாண்டியர் செப்புக்காசு. மீன் சின்னத்தோடு 'சோணாடு கொண்டான்', 'எல்லாந் தலையானான்' போன்ற பட்டங்கள் தமிழ் எழுத்திலேயே இருக்கும். 13ஆம் நூற்றாண்டு எழுத்துக்குக் கொஞ்சம் பழகினால் நீங்களே படித்துவிடலாம்.

மூன்றாவது, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் 'டுயிட்' என்ற சிறு செப்புக்காசு. வி, ஓ, சி ஆகிய மூன்று எழுத்தும் பின்னிய முத்திரையும் ஆண்டும் ஒரு பக்கம். அதை அடித்த டச்சு மாகாணத்தின் கேடயச் சின்னம் மறுபக்கம். பழமையில் முதல் இரண்டுக்கும் இது தம்பிதான். ஆனால் ஆண்டு பொறித்திருப்பதால் அட்டவணையோடு சரிபார்க்க எளிது. தூத்துக்குடியை ஆண்டவர்களின் காசு என்பது கூடுதல் சிறப்பு.

வாங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசு, விட்டம் அளக்கும் வெர்னியர் ஆகிய மூன்றையும் முதலில் வாங்குங்கள். அடுத்த செலவு புத்தகம். கிருஷ்ணமூர்த்தியின் நூலோடு, லோவெந்தால் என்ற பாதிரியார் 1888இல் வெளியிட்ட 'திருநெல்வேலிக் காசுகள்' என்ற ஆங்கிலச் சிறுநூலையும் தேடிப் பாருங்கள். தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் இந்தக் கரையின் காசுகளும் அதில் அடக்கம். காசு வாங்காமலே கண்ணைப் பழக்க, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவு நல்ல இடம்.

போலியை எப்படிப் பிடிப்பது?

பழங்காசில் பெரும்பாலானவை அச்சுக்கு நடுவே உலோகத்தை வைத்துச் சுத்தியால் அடித்தவை. போலிகளில் பெரும்பாலானவை வார்ப்பு. லென்ஸில் பார்த்தால் வார்ப்புக் காசின் பரப்பில் குண்டூசி முனை அளவில் காற்றுக் குழிகள் தெரியும். எழுத்தின் ஓரம் கூர்மை இழந்து வழுவழுவென்றிருக்கும். விளிம்பைச் சுற்றி இரண்டு அரை அச்சு சேர்ந்த கோடோ, அந்தக் கோட்டை அரம் போட்டு ராவிய தடமோ இருக்கும். சங்ககாலக் காசுகளில் சில அந்தக் காலத்திலேயே வார்க்கப்பட்டவை என்பதால் இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.

அடுத்தது எடை. அதே வகைக்கு நூலில் கொடுத்துள்ள எடையோடு ஒப்பிடுங்கள். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலோ கூடினாலோ வேண்டாம். மூன்றாவது, இரட்டைப் பிறவி. கையால் அடித்த காசில் ஒன்றைப் போல் மற்றொன்று இருக்காது. ஒரே தட்டில் இரண்டு காசுகள் ஒரே இடத்தில் விரிசலும் ஒரே கோணத்தில் சறுக்கிய படமுமாக இருந்தால், இரண்டும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை.

களிம்பையும் பாருங்கள். நூற்றாண்டுகளாக ஏறிய பச்சை, உலோகத்தோடு ஒட்டிக் கெட்டியாக இருக்கும். பூசிய பச்சை, நகத்தால் சுரண்டினால் உதிரும். ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தால் உலோகம் என்ன என்று தெரியும், வயது தெரியாது. நேற்று உருக்கிய வெள்ளியும் அங்கே வெள்ளி என்றுதான் காட்டும்.

காசே இல்லாத காசு வியாபாரம்

அனுமார், ராமர் பட்டாபிஷேகம் போட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1616, 1717, 1818 போன்ற ஆண்டுகளும் பொறித்த செப்புத் துண்டுகளைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட அரையணாவைக் கம்பெனி எந்தக் காலத்திலும் அடித்ததில்லை. இவற்றையே "அரிசியை இழுக்கும், இரிடியம் கலந்தது" என்று சொல்லி லட்சக்கணக்கில் பறிப்பதுதான் 'ரைஸ் புல்லிங்' மோசடி.

மறுபக்கம், "உங்களிடம் உள்ள பழைய காசை லட்ச ரூபாய்க்கு வாங்குகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வரும் அழைப்புகள். சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லிக் கமிஷன் கேட்டார்கள். தனக்கும் இந்த வியாபாரத்துக்கும் தொடர்பில்லை, யாரிடமும் இதற்காகக் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

மண்ணுக்குள் மறைந்து கிடந்து வெளிப்படும் பொருளுக்கு 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் பொருந்தும். 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவாக இருந்தாலும், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். பழைய உரிமையாளர் எவரும் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் உண்டு.

"நேத்துதான் தோண்டினோம், யாருக்கும் தெரியாது" என்பவரின் பேச்சை இந்தச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். கதை பொய்யானால் காசு போலி. கதை மெய்யானால் அவர் செய்வது குற்றம், வாங்கும் நீங்களும் வம்பில் மாட்டுவீர்கள். கதை எப்படி இருந்தாலும் அந்தக் காசு உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். நூறு ஆண்டுக்குக் குறையாத காசு தொல்பொருள். அதைத் தொழிலாக விற்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். தனியார் எவரும் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ அனுப்பவோ கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. சிங்கப்பூரில் இருக்கும் மருமகனுக்குப் பரிசாக ஒரு ராஜராஜன் காசை அனுப்புவதும் இதில் அடங்கும். கொழும்பில் உள்ள உறவினர் வழியாக 'சேது' என்று பொறித்த யாழ்ப்பாண மன்னர் காசைத் தருவிக்க நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும்: இலங்கைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தொல்பொருளை அங்கிருந்து எடுத்துவர முடியாது.

எங்கே, எப்படி வாங்குவது?

சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் நடக்கும் நாணயக் கண்காட்சிகளில் ஒரே கூரையின் கீழ் பல வியாபாரிகளைப் பார்க்கலாம். முதல் முறை பணம் எடுத்துப் போகாமல் விலையை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். ஒரே வகைக் காசுக்கு நாலு மேசையில் நாலு விலை இருக்கும். அந்த வித்தியாசம் காசின் நிலையால் வருகிறதா, விற்பவரின் வாய்ச்சாலகத்தால் வருகிறதா என்பது பார்க்கப் பார்க்கப் புரியும். ஏலத்தில் எடுத்தால், நீங்கள் கேட்ட விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷனும் வரியும் சேரும். அதையும் கூட்டிப் பார்த்து உங்கள் உச்ச விலையை முடிவு செய்யுங்கள்.

எங்கே வாங்கினாலும் பில் கேளுங்கள். காசின் வகை, எடை, விட்டம், விற்றவரின் உரிம எண் ஆகியவை அதில் இருக்கட்டும். "போலி என்று தெரிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன்" என்று எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

புளி, எலுமிச்சை, பித்தளைப் பொடி எதுவும் வேண்டாம். தேய்த்துப் பளபளப்பாக்கிய செப்புக்காசு மதிப்பை இழந்துவிடும்; களிம்போடு சேர்ந்து எழுத்தும் போய்விடும். நம் ஊரில் கூடுதல் எதிரி உப்புக்காற்று. செம்பில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் வெளிர்பச்சையாக மாவு போல் பூக்கும். விட்டால் காசையே தின்றுவிடும். அப்படிப் பூத்த காசை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரில் ஊறவையுங்கள். தண்ணீரை மாற்றி மாற்றிச் சில வாரம் வைத்து, நன்றாக உலர்த்திய பிறகே உறையில் போட வேண்டும். மெத்தென்ற பிவிசி உறைகள் நாளடைவில் காசில் பிசுபிசுப்பை ஏற்றும். அமிலமில்லாத காகித உறை போதும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று கிடக்கட்டும்.

ஒவ்வொரு காசுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: வகை, எடை, வாங்கிய நாள், இடம், விலை, பில் எண். கிடைத்த இடம் பற்றி வியாபாரி சொன்னதை 'விற்றவர் சொன்னது' என்ற தலைப்பில் தனியாகக் குறியுங்கள். நீங்கள் அளந்து அறிந்ததோடு அதைக் கலக்காதீர்கள். பின்னாளில் காசை விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ நேர்ந்தால், அடுத்தவர் எதை நம்பலாம், எதைச் சோதிக்க வேண்டும் என்று அட்டையே சொல்லிவிடும்.