வேலை வேறு, ஆட்டம் வேறு

"நாள் முழுக்க வேர்வை சிந்தி வேலை செய்யிறோம் டிரஸ்ஸரய்யா, அதுக்கு மேலே ஆட்டம் வேறயா?"

இனிப்புநீருக்கு மருந்து வாங்க வருகிறவர்களிடம், கொஞ்சம் ஆடிப் பாருங்கள் என்று சொன்னால் இந்தக் கேள்விதான் திரும்பி வரும். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வேண்டும்.

செம்பனைக் குலை அறுப்பவர் நாள் முழுக்க அண்ணாந்து நின்று கழுத்தையும் தோளையும் இறுக்குகிறார். உதிரிப் பழம் பொறுக்கும் தாய்மார்களுக்குக் குனிந்த முதுகு நிமிர நேரமில்லை. ஒரே தசை ஓயாமல் தேய்கிறது, மற்றவை சும்மா கிடக்கின்றன. களைத்தபோது உட்காரும் உரிமையும் பல நேரம் நம் கையில் இல்லை. கூலிக்காகச் செய்யும் கடும் உழைப்பு, ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடலசைவைப் போல இருதயத்துக்கு நன்மை தருவதில்லை என்று அண்மைக்கால ஆராய்ச்சிகள் பல சொல்கின்றன. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போனவர்கள் கதை வேறு. காவலாளி வேலை, பஸ், நாற்காலி, டிவி என்று உடம்பு அசைவதே குறைந்துவிட்டது.

நம் நிலைமையைப் பாருங்கள். 2019-ல் அரசாங்கம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 10 பேரில் 3 பேர். கால் புண் ஆறாமல் விரலை எடுப்பதும், கண் மங்குவதும், சிறுநீரகம் கெட்டு இரத்தம் சுத்திகரிக்கப் போவதும் இந்த நோயின் பின்வாசல்கள்.

ஆடும்போது உடம்பில் என்ன நடக்கிறது? தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள் சுருங்கி விரியும்போது, இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அவையே இழுத்து எரிக்கின்றன. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவருக்கும் இது நடக்கும். இரவுச் சோற்றுக்குப் பிறகு 10 நிமிடம் மெதுவாக ஆடினாலும் ஏறுகிற சர்க்கரை சற்று அடங்கும். இருதயம் வேகமாக அடித்துப் பிறகு ஓய்வதால் அதற்குப் பலம் கூடுகிறது. காலை மாற்றி வைத்துச் சுற்றுவதால் வயதானவர்களுக்கு நிதானம் வருகிறது. குளியலறையில் வழுக்கி விழுவது குறைகிறது.

மூளைக்கும் இதில் பங்குண்டு. நியூயார்க்கில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைச் சுமார் 5 ஆண்டுகள் கவனித்து 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடிக்கடி நடனமாடியவர்களுக்கு மறதி நோய் குறைவாகவே வந்திருந்தது. ஆடினால் மறதியே வராது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் கோலாட்டத்தை நினைத்துப் பாருங்கள். தாளத்தைக் காது கேட்க வேண்டும், எதிராளியின் கோலைக் கண் பார்க்க வேண்டும், அடுத்த அடியை மனம் நினைக்க வேண்டும். மூளைக்குச் சோம்பல் ஏது!

ஆட்டம் நமக்குப் புதிதா? மாரியம்மன் திருவிழாவில் கரகம், தைப்பூசத்தில் காவடி, பெண்கள் கூடினால் கும்மி என்று வாழ்ந்தவர்கள்தானே நாம். பட்டணத்திலும் கலை வளர்ந்திருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நுண்கலைக் கோயில், சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981-ல் தொடங்கியது. ரம்லி இப்ராஹிம் என்ற மலாய்க் கலைஞர் 1983-ல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவை அமைத்தார். பரதமும் ஒடிசியும் அவருக்குக் கைவந்த கலைகள். கோலா சிலாங்கூர் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவருடைய குழு நடனம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நம் பிள்ளைகளால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் உடல்நலத்துக்கு அரங்கேற்றம் தேவையில்லை, சலங்கையும் தேவையில்லை.

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளுக்கு 30 நிமிடம் என்று வாரம் 5 நாள். ஒரேயடியாக முடியாவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். பேச முடிய வேண்டும், பாட மூச்சு வரக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

கவனிக்க வேண்டியவை:

1. முதல் 5 நிமிடம் மெதுவாக ஆரம்பியுங்கள். முடிக்கும்போதும் மெல்ல மெல்லக் குறையுங்கள்.

2. இனிப்புநீர் உள்ளவர்கள் வெறுங்காலில் ஆட வேண்டாம். சப்பாத்து போடுங்கள். ஆடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம், கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்களுக்குக் கை நடுங்கி, குப்பென்று வேர்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். மிட்டாயோ சீனித் தண்ணியோ பக்கத்தில் இருக்கட்டும்.

4. நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

5. ஆடுகிறோமே என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். சம்சு குடித்துவிட்டுக் கல்யாண வீட்டில் போடும் ஆட்டம் இந்தக் கணக்கில் சேராது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் விடியுமுன்னே எழுந்து சமைத்து, காட்டில் வேலை செய்து, சாயங்காலம் மறுபடியும் அடுப்படிக்குப் போகிறாள். அரை மணி நேரம் கும்மியடிக்க அவளுக்கு எங்கே நேரம்? அந்த அரை மணி நேரம் நீங்கள் சட்டி பானையைக் கழுவுங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள். அதுவும் வைத்தியம்தான்.

கிளைத் தலைவர்களும் கோயில் நிர்வாகமும் மனது வைத்தால், வாரத்தில் மூன்று சாயங்காலம் மண்டபத்தைத் திறந்துவிடலாம். ஒரு ஒலிபெருக்கியும் பத்து ஜோடிக் கோலும் போதும். பழைய கும்மிப் பாட்டுத் தெரிந்த பாட்டிகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துங்கள். பாட்டும் பிழைக்கும், உடம்பும் பிழைக்கும். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே வையுங்கள்.