நாற்பது ஆண்டுக் கணக்கு

தோல்வி நேர்ந்த அன்றே அதன் அளவை நிர்ணயித்துவிட மனித மனம் அவசரப்படுகிறது. பரீட்சையில் தவறிய பிள்ளையின் வீட்டில் அன்று மாலையே அவனுடைய வருங்காலம் முடிந்துபோனதாகப் பேச்சு எழுகிறது. வேலையை இழந்தவரும், நஷ்டப்பட்டுக் கடையை மூட நேர்ந்தவரும், அன்றைய துக்கத்தையே அளவுகோலாகக் கொண்டு தம் ஆயுள் முழுவதையும் அளந்து பார்த்து வியாகூலப்படுகிறார்கள். அந்த அளவு எவ்வளவு தூரம் சரி என்பதைச் சோதித்துப் பார்க்க, உபதேசத்தைக் காட்டிலும் உறுதியான ஆதாரம் ஒன்று பசிபிக் சமுத்திரத்தின் நடுவே, ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான காவாயிலிருந்து நமக்குக் கிடைத்திருக்கிறது.

கரும்புத் தோட்டங்களும் அன்னாசித் தோட்டங்களும் நிறைந்த அந்தத் தீவில், ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூலிகளாக வந்து குடியேறியவர்களின் சந்ததியினரும் பூர்வீகக் குடிகளும் கலந்து வாழ்ந்த குடும்பங்களில், 1955-ஆம் ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை ஓர் ஆராய்ச்சிக் குழு, அவர்கள் தாய் வயிற்றில் இருந்த காலந்தொட்டே கவனிக்கத் தொடங்கி, 40 வயது வரையில் விடாமல் பின்தொடர்ந்தது. அந்த நீண்ட உழைப்பின் பலனை எம்மி வெர்னர் என்ற மனோதத்துவப் பேராசிரியை, ரூத் ஸ்மித் என்ற சகாவுடன் சேர்ந்து நூல்களாக எழுதி வைத்தார்.

அக்குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, பிரசவத்தின்போது நேர்ந்த சிக்கல், பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய், ஓயாத குடும்பச் சச்சரவு ஆகியவற்றில் பலவற்றை ஒருங்கே சுமந்து வளர்ந்தவர்கள். இவர்களில் மூன்றில் இரு பங்கினர், எதிர்பார்த்தபடியே, பள்ளியிலோ நடத்தையிலோ மனநலத்திலோ 18 வயதுக்குள் தடுமாறினார்கள். எஞ்சியவர்களோ தன்னம்பிக்கையும் பிறரிடம் பரிவும் உடையவர்களாக வளர்ந்து நின்றார்கள்.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? சிறு வயதிலிருந்தே பிறருடன் இனிமையாகப் பழகும் சுபாவம் அவர்களில் பலருக்கு வாய்த்திருந்தது உண்மைதான். ஆயினும் அது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. பெற்ற தாய் தந்தையரால் இயலாதபோது, ஒரு பாட்டியோ, அக்காளோ, அத்தையோ, அண்டை வீட்டுக்காரரோ, பள்ளி ஆசிரியரோ, யாரேனும் ஒருவர் அக்குழந்தையிடம் மாறாத அன்போடு ஸ்திரமாக இருந்தார். அதோடு, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது, வீட்டு வேலைகளைக் கவனிப்பது என்று ஒரு பொறுப்பும் அக்குழந்தைகளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டாவது விஷயமே என் மனத்தைப் பெரிதும் கவர்கிறது. கஷ்டத்தில் இருக்கும் ஒருவருக்கு நாம் இரக்கப்பட்டு எல்லா வேலைகளையும் அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம்; ஆனால் தன்னை நம்பி ஒரு காரியம் காத்திருக்கிறது, தான் செய்யாவிட்டால் அது நின்றுபோகும் என்ற உணர்வு, துயரத்தில் மூழ்கிய மனத்தைத் தினந்தோறும் சிறிது தூரமாவது கரைப்பக்கம் இழுத்து வருகிறது.

இனி, தடுமாறியவர்களின் கதை. குற்றம் புரிந்து போலீஸாரிடம் அகப்பட்ட சிறுவர்களும், பள்ளிப் பருவத்திலேயே தாயாகிவிட்ட பெண்களும் அவர்களில் இருந்தார்கள். ஆராய்ச்சி அவர்களுடைய 18-ஆம் வயதோடு நின்றுபோயிருந்தால், கெட்டுப்போனவர்கள் என்றே அவர்களைப் பற்றிய இறுதி அபிப்பிராயம் பதிவாகியிருக்கும். ஆனால் 32 வயதிலும் 40 வயதிலும் மீண்டும் தேடிச் சென்று பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் ஸ்திரமான வாழ்க்கைக்குத் திரும்பியிருந்தார்கள். விட்ட படிப்பை உள்ளூர்க் கல்லூரியில் மறுபடி தொடர்ந்தவர்கள், ராணுவத்தில் சேர்ந்து ஒரு தொழிலைக் கற்றவர்கள், நல்ல வாழ்க்கைத் துணையைப் பெற்றவர்கள், தெய்வ பக்தியிலும் வழிபாட்டுக் கூட்டத்திலும் பற்றுக்கோடு கண்டவர்கள் என்று அவர்கள் மீண்டு வந்த வழிகள் பலவாக இருந்தன. மனநல வைத்தியத்தால் தேறியவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் சிலரே.

ஆகையால், ஒரு சங்கடம் வந்து தாக்கும்போது, இது என்றைக்கும் நீடிக்குமா, வாழ்க்கையின் எல்லாத் துறைகளையும் பாழாக்குமா என்று நிதானமாகக் கேட்டுப் பார்ப்பதும், அந்தக் கேள்வியைத் தனியாக இருந்து கேளாமல் நம்பிக்கைக்குரிய ஒருவரின் அருகில் அமர்ந்து கேட்பதும் விவேகமாகும். அப்படித் துயரப்படும் ஒருவரின் அருகில் அமரும் பாக்கியம் நமக்கு வாய்த்தால், முதலில் செய்ய வேண்டியது காது கொடுத்துக் கேட்பது. அடுத்தது, அவரால் இன்று செய்யக்கூடிய ஒரு சிறு வேலையை அவர் கையில் கொடுப்பது. நம் நாட்டில் துணைத் தேர்வுகளும், திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும், மாலை நேரக் கல்லூரிகளும் இருக்கும்போது, ஒரு பரீட்சை முடிவைக் கொண்டு ஒரு குழந்தையின் ஆயுள் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவதை எவ்வகையிலும் நியாயம் என்று சொல்ல முடியாது.

திடமாக நின்றவர்களும் விலை கொடுக்காமல் நின்றுவிடவில்லை என்பதையும் வெர்னர் மறைக்கவில்லை. மன அழுத்தத்தோடு தொடர்புடைய உடல் உபாதைகள் அவர்களில் சிலரை நடுவயதில் வருத்தின. பிறந்த வீட்டின் குழப்பத்தில் தாமும் அமிழ்ந்துவிடாதிருக்க, பெற்றோரிடமிருந்தே ஒதுங்கி வாழ நேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மனவுறுதியைப் புகழ்கிறவர்கள் இந்த வேதனையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், இன்று துயரப்படுகிற ஒருவர் தம் கண்ணீரையே தம்முடைய பலவீனத்துக்குச் சாட்சியாக எண்ணிக் கூசுவார்.