ஒளித்து வைக்கும் நோய்

புதுவை மாநிலத்தில் மண்ணாடிப்பட்டு என்பது ஒரு கொம்யூன். செஞ்சிப் பக்கத்திலிருந்து ஓடிவரும் சங்கராபரணி ஆறு புதுவை மண்ணில் முதன்முதல் அடியெடுத்து வைப்பது இப்பகுதியில்தான். நெல்லும் கரும்பும் விளையும் நிலம். நடவுக் காலத்தில் விடியற்போதிலேயே வயலில் இறங்கும் மகளிர், வெயில் ஏறியதும் வரப்பில் அமர்ந்து இளைப்பாறுவர். அப்பொழுது மடியிலிருந்து சுருக்குப்பை வெளிவரும். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் பாக்கு வைத்து, அதனோடு ஒரு துண்டுப் புகையிலையும் சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொள்வர். பசியும் களைப்பும் சிறிது நேரம் தோன்றா. அடக்கிய புகையிலையோ நெடுநேரம் கன்னத்திலேயே கிடக்கும். இப்பழக்கம் மண்ணாடிப்பட்டுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் வழங்கும் சிற்றூர் பலவற்றிலும் இதனைக் காணலாம்.

ஆண்டுகள் பல சென்றபின், புகையிலை அடங்கியிருந்த அதே இடத்தில், கன்னத்தின் உட்புறத்தே வெண்மையான படலம் ஒன்று தோன்றுகிறது. வலி இல்லை, காரம் பட்டால் சற்றே எரியும். நாளடைவில் அது புண்ணாகிறது. வாய்ப்புண்தானே என்று மணத்தக்காளிக் கீரையைச் சமைத்து உண்பர். கீரை நல்லதே, ஆயினும் இப்புண் அதற்கு ஆறுவதன்று. வாரங்கள் கடந்தும் ஆறாதபோது உள்ளத்தில் ஐயம் எழுகிறது. ஐயம் அச்சமாகிறது. அச்சம் வந்ததும் புண்ணை ஒருவருக்கும் காட்டாமல் ஒளித்துவிடுகின்றனர். வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வேளையாயின் சொல்லவே வேண்டுவதில்லை. அந்நோயின் பெயர் அவ்வீட்டு வாயிலைத் தாண்டி வெளியே செல்லாது. இறுதியில், வாயைத் திறக்கவும் இயலாமல், கஞ்சியையும் விழுங்க முடியாமல் போன பின்னரே மருத்துவரிடம் செல்கின்றனர். அவ்வளவில் நோய் கழுத்துக்கும் பரவியிருக்கும்.

இவ்வாறு ஒளித்து வைக்கப்படும் நோய்தான் புற்றுநோய். கறையான் எழுப்பும் புற்று எவ்வாறு நாளுக்கு நாள் ஒழுங்கின்றி மேலும் மேலும் வளருமோ, அவ்வாறே உடலில் தசை வளர்தலின் தமிழர் இப்பெயரை இட்டனர் போலும். கிரேக்க நாட்டு மருத்துவர் இதனை நண்டு என்னும் பொருள்படும் ‘கார்க்கினோஸ்’ என்ற சொல்லால் குறித்தனர். நடுவே ஒரு கட்டியும், அதிலிருந்து நாற்புறமும் நண்டின் கால்போல ஓடும் நரம்புகளும் அவர்கள் கண்ணுக்குத் தோன்றின. நண்டு கடித்துப் பற்றும் என்பது அவ்வுவமை. புற்று உள்ளுக்குள் வளரும் என்பது நம் உவமை. இரண்டனுள் நோயின் இயல்பை நன்கு காட்டுவது தமிழ்ச்சொல்லே எனலாம்.

மனித உடல் எண்ணற்ற உயிரணுக்களால் ஆயது. பழைய அணுக்கள் மடிய, அவற்றின் இடத்தில் புதியன பிறக்கின்றன. ஓர் அணு இரண்டாகப் பிரிந்தே புதிய அணு உண்டாகிறது. எப்பொழுது பிரிய வேண்டும், எப்பொழுது நிற்க வேண்டும் என்னும் கட்டளை அவ்வணுவினுள்ளேயே பொறிக்கப்பட்டுள்ளது. புகையிலையின் நஞ்சு, கதிரியக்கம், சிலவகை நுண்கிருமிகள் ஆகியவற்றால் அக்கட்டளை சிதையலாம், முதுமையினாலும் சிதைவதுண்டு. சிதைந்தபின் அவ்வணு நிற்கும் நெறியை மறந்து, தேவையின்றிப் பிரிந்துகொண்டே செல்கிறது. தொடக்கத்தில் அது தோன்றிய இடத்திலேயே ஒடுங்கிக் கிடக்கும். அப்பொழுது அதனை அகற்றினால் நோயும் அகன்றுவிடும். நாள் செல்லச் செல்ல இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் நுரையீரல், கல்லீரல், எலும்பு முதலிய இடங்களுக்குச் சென்று அங்கும் குடியேறும். எனவே, புற்றுநோயாளர் ஒருவர் பிழைப்பதும் பிழையாததும் பெரிதும் எதனைப் பொறுத்தன எனின், அவர் எந்த நாளில் மருத்துவரிடம் வந்தார் என்பதைப் பொறுத்தனவே.

இவ்வுண்மையை நாட்டுக்கு உணர்த்துதற்கு ஒரு பெண்மணியின் துயரம் காரணமாயிற்று. புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1912இல் பட்டம் பெற்றவர். தம் கையாலேயே பலர் உயிரைக் காத்த அவரால் தம் தங்கையின் உயிரைக் காக்க இயலவில்லை. 1923ஆம் ஆண்டில் அத்தங்கை புற்றுநோயால் மாண்டார். மருத்துவர் அருகிலிருந்தும் மருந்து இல்லாமற்போன அந்நாட்களை அம்மையார் மறக்கவில்லை. 1935இல் நடந்த சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் கருத்தை வெளியிட்டார். மும்பையில் 1941இல் டாட்டா நினைவு மருத்துவமனை தோன்றியது. தென்னாட்டிலோ அத்தகையது ஒன்றும் இல்லை. புற்றுநோய் கண்டவர் இறப்பவர்தாமே, அவர்க்கென மருத்துவமனை எதற்கு என்று அக்காலத்தில் பொறுப்பில் இருந்தோரே வினவியதுண்டு. அக்கேள்வி கொடியதே, ஆயினும் நாடு முழுவதும் அன்று அவ்வாறே எண்ணியது.

அம்மையார் பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் சென்னை அடையாற்றில், பன்னிரண்டே படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிற்று. அப்பொழுது அம்மையார்க்கு அகவை அறுபத்தேழு. அவர் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், இளம் மருத்துவராய் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். கனடா நாட்டின் உதவியால் கோபால்ட்டுக் கதிர்க்கருவி அங்கு 1950களிலேயே வந்தது. சாந்தா அம்மையார் வேறெங்கும் செல்லாமல் அம்மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து, 2021ஆம் ஆண்டு தம் தொண்ணூற்று மூன்றாம் அகவையில் மறைந்தார். 2005இல் மகசேசே பரிசு அவரைத் தேடி வந்தது. புற்றுநோயைக் காட்டிலும் அதைப்பற்றிய அச்சத்தோடு அவர் போராடிய நாட்களே மிகுதி எனலாம்.

நோயைத் தீர்க்கும் முறைகள் இன்று மூன்று பெரு வகைப்படும். கட்டியை அறுத்து அகற்றுதல் ஒன்று. ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்னும் பேச்சு ஊர்களில் உண்டு, அது பிழை. முற்றிய பின் கத்தி பட்டவர் பிழையாததைக் கண்டவர்கள், முற்றியதன் குற்றத்தைக் கத்தியின்மேல் ஏற்றிவிட்டனர். கதிர்களால் எரித்தல் மற்றொன்று. 1895இல் இரான்ட்சன் எக்ஸ் கதிரையும், 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தையும் கண்டபின் இம்முறை பிறந்தது. மூன்றாவது, மருந்தால் அணுக்களின் பெருக்கத்தைத் தடுத்தல்.

இம்மருந்துகளுள் ஒன்றன் வரலாறு சுவையுடையது. நித்தியகல்யாணி என்னும் செடியை அறியாதார் இலர். வெண்மையும் இளஞ்சிவப்புமாக ஆண்டு முழுதும் பூக்கும். மணற்பாங்கான இடத்திலும் சுடுகாட்டோரத்திலும் தானே முளைக்கும். ஆடுமாடுகளும் அதனை மேயா. ஜமைக்காத் தீவினர் இதன் இலையை நீரிழிவுக்கு நல்லது என்று காய்ச்சிக் குடித்தனர். கனடாவில் நோபிள், பீர் என்னும் அறிஞர் இருவர் அதனை ஆராய்ந்தனர். சர்க்கரை குறையவில்லை, இரத்தத்தின் வெள்ளணுக்களே குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும் நோயன்றோ இரத்தப் புற்று! ஒன்றைத் தேடப்போய் மற்றொன்று கிடைத்தது. 1958இல் வெளியான அவ்வாராய்ச்சியின் வழியே பிறந்த மருந்தும், பின்னர் அதே செடியிலிருந்து எடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின் என்னும் மருந்தும் குழந்தைகளின் உயிரைக் காத்தன. முன்பு சில திங்களில் உயிரைப் போக்கிய குழந்தைகளின் இரத்தப் புற்றில், வளம் மிக்க நாடுகளில் இன்று பதின்மருள் எண்மர்க்கு மேல் பிழைக்கின்றனர். செடி வேலியோரத்தில் இருக்கிறதே என்று இலையைப் பறித்துத் தின்றல் ஆகாது, அது நஞ்சு. அளவறிந்து பிரித்தெடுத்தபின்னரே அஃது மருந்தாகும்.

மருந்தும் கருவியும் இவ்வாறு பெருகினும், சிற்றூர்ப் பெண்ணுக்கு அவை எட்டுமா என்னும் கேள்வி எஞ்சியிருந்தது. அதற்கு விடை திண்டுக்கல் மாவட்டத்தில் கிடைத்தது. கருப்பை வாயில் தோன்றும் புற்றுநோய் இந்நாட்டு மகளிரை வருத்தும் நோய்களுள் முன்னிற்பது. 2000ஆம் ஆண்டு தொடங்கி, அம்மாவட்டத்து 114 ஊர்த்தொகுதிகளில் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. அம்பிளிக்கைக் கிறித்தவ மருத்துவ நிலையத்தாரும், அடையாற்று மருத்துவமனையாரும், உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் அதில் ஈடுபட்டனர். அத்தொகுதிகளுள் பாதியில், 30 முதல் 59 வயது வரையுள்ள நலமான பெண்களைச் சோதிக்கச் செவிலியர் சென்றனர். அவர்கள் கொண்டு சென்ற மருந்து என்ன? நீரிற் கலந்த அசெட்டிக அமிலம். ஊறுகாயில் இடும் வினிகரின் புளிப்பு எதுவோ அதுவே. அதனைக் கருப்பை வாயில் தடவிச் சிறிது பொறுத்தால், கெட்ட அணுக்கள் உள்ள இடம் மட்டும் வெளுத்துக் காட்டும். வெளுத்த இடத்தைக் குளிரால் உறையச் செய்து அங்கேயே அழித்தனர். பெருங்கருவி இல்லை, பெருஞ்செலவும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியரின் கண்ணே கருவி.

ஒரு முறை செய்த இச்சோதனையின் பயன் 2007இல் வெளியாயிற்று. சோதனை நடந்த தொகுதிகளில் நோய் 25 விழுக்காடும், அந்நோயால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. அத்தொகுதிகளின் பெண்கள் ஏறத்தாழ 49,000 பேர். சோதனைக்கு வந்தவரோ 31,000 பேருக்குச் சற்று மிகுதி. ஊர்தேடி வந்த உதவியை மூவருள் ஒருவர்க்கு மேல் ஏற்கவில்லை என்பதும் அக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. நாணம் ஒருபுறம், வயல் வேலை ஒருபுறம், ‘எனக்கு ஒன்றும் இல்லையே’ என்னும் நினைவு ஒருபுறம். இவை எந்த ஊரிலும் உள்ளவைதாமே. அந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமி என்று கண்ட ஜெர்மானிய அறிஞர் அரால்டு சூர் அவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். அக்கிருமியை முன்னரே தடுக்கும் ஊசியும் வந்துவிட்டது. வளரும் பருவத்துச் சிறுமியர்க்கு அதனை இடுதல் மிக்க பயனளிக்கும் என்பர் மருத்துவர்.

இனி மீண்டும் அவ்வரப்புக்கே வருவோம். வெற்றிலையின் மேல் பழி இல்லை. புகையிலையும் பாக்குமே புற்றை விளைப்பன. பாக்கு மட்டும் மென்றாலும் தீங்கு உண்டு என்று உலக ஆராய்ச்சி நிறுவனத்தார் 2004இல் உறுதி செய்தனர். விருந்து முடிந்ததும் தாம்பூலம் தருவது நம் மரபாதலின் இச்செய்தி பெரியோர்க்குக் கசக்கும். எனினும் உண்மை உண்மையே. பள்ளி மாணவரைக் கவர்வது சுருக்குப்பை அன்று. நிறந்தீட்டிய சிறு பொட்டலமே. பள்ளியிலிருந்து 100 கஜத் தொலைவுக்குள் புகையிலைப் பொருள் விற்றலாகாது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். பள்ளி வாயிலில் நின்று அத்தொலைவை அளந்து பார்க்கும் மாணவர்க்குச் சில கடைகள் கணக்கில் பிழைபடுவது தெரியவரும்.

மூன்று வாரம் கடந்தும் ஆறாத புண், வாயில் வெண்படலம் அல்லது செம்படலம், வாய் திறப்பு நாளுக்கு நாள் குறுகுதல், மார்பில் வலியற்ற கட்டி, காரணமின்றிப் படும் இரத்தம் ஆகியவற்றுள் எது தோன்றினும் அன்றே காட்டத்தக்கது. வலி இல்லையே என்று ஆறுதல் கொள்ளுதல் கூடாது. இந்நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. உடன் உண்பதாலோ உடன் உறைவதாலோ இது தொற்றுவதும் இல்லை. முப்பது வயது நிறைந்தோர் ஐந்தாண்டுக்கு ஒரு முறை வாயையும், மகளிராயின் மார்பகத்தையும் கருப்பை வாயையும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பது இந்திய அரசின் நெறிமுறை.

மண்ணாடிப்பட்டில் அரசின் சமுதாய நலவழி மையம் உண்டு. விளக்கொளியில் கன்னம், ஈறு, நா, நாவின் அடி ஆகியவற்றைப் பார்த்து முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். ஐயம் இருப்பின் புதுவைக் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கு அனுப்புவர். அங்கு வட்டாரப் புற்றுநோய் மையம் செயற்பட்டு வருகிறது. படலத்திலிருந்து கடுகளவு தசையை எடுத்து நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்து, அது புற்றா அன்றா என்று கூறுவர். படலம் படலமாகவே இருக்கும் நாளில் செல்பவர், அச்சிறு சோதனையை முடித்துக்கொண்டு அன்று மாலைப் பேருந்திலேயே ஊர் திரும்பிவிடலாம்.